லண்டன் இழந்த பப்கள்: பீர் விற்காமல் போனதாலா, மனை விலை ஏறியதாலா?

லண்டனில் தெருவுக்குத் தெரு இருந்த பழைய பப்களில் பல இப்போது இல்லையே, அவற்றில் குறிப்பிடத்தக்கவை எவை, ஏன் மூடப்பட்டன, எஞ்சியவற்றில் பார்க்கத்தக்கவை எவை என்பது கேள்வி. கிழக்கு லண்டனில் நெடுங்காலமாக வசிப்பவன், இந்நகரின் பழைய கட்டடங்களின் வரலாற்றில் ஈடுபாடு உள்ளவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லண்டன்வாசிகள் குடியை விட்டுவிட்டதால் இந்த பப்கள் மூடப்பட்டன என்பது பாதி உண்மைகூட இல்லை. பப் நின்ற மனையின் மதிப்பு அங்கே விற்ற பீரின் வருமானத்தை எட்டாத உயரத்துக்குப் போனதும், அந்த மனை பீர் விற்பவர்களின் கையிலிருந்து மனைக்கணக்குப் பார்ப்பவர்களின் கைக்கு மாறியதுமே முதன்மையான காரணங்கள்.

சென்னையிலோ பெங்களூரிலோ பப் என்றால் மங்கலான விளக்கும் காதைப் பிளக்கும் இசையும் உள்ள நட்சத்திர விடுதிக் கூடம் நினைவுக்கு வரும். லண்டனின் தெருமுனை பப்பை நம்மூர் டீக்கடை பெஞ்சின் உறவுமுறையாக நினைத்துக்கொண்டால் பிழையில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் ஒரு பைன்ட் பீரை, அதாவது 568 மில்லிலிட்டரை, ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுமிடம் அது. தச்சருக்கு அடுத்த வேலை கிடைப்பதும், வாடகைக்கு அறை இருப்பது தெரியவருவதும், இறுதிச் சடங்கு முடிந்து உறவினர்கள் கூடுவதும் அங்கேதான். அப்படிப்பட்ட பப்கள் 2001இல் லண்டனில் 4,835 இருந்தன என்றும், 2017இல் அவை 3,530ஆகக் குறைந்தன என்றும் மாநகர நிர்வாகமே கணக்கெடுத்து வெளியிட்டது. இதே காலத்தில் நகரின் மக்கள்தொகை குறையவில்லை, பெருகியது. வாடிக்கையாளர் இல்லாமல் கடை மூடினார்கள் என்று சொல்பவர்கள் இந்த முரண்பாட்டுக்கு முதலில் விடை சொல்ல வேண்டும்.

எதை இழந்தோம் என்பது விளங்க, பழைய பப்பின் உள்ளமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விக்டோரியா காலத்து பப் ஒரே பெரிய கூடமாக இருந்ததில்லை. நடுவில் வளைந்து செல்லும் மகாகனி மரக் கவுண்டர், அதைச் சுற்றி மரத்தடுப்புகளால் பிரித்த பல அறைகள் என்பதே அக்காலத்து வழக்கம். வெறும் பலகைத் தரையில் தொழிலாளர்கள் நின்று குடித்த இடம் பப்ளிக் பார். கம்பளமும் மெத்தை இருக்கையும் போட்டு, அதே பீருக்குச் சற்றுக் கூடுதலாக வாங்கிய இடம் சலூன் பார். பிறர் கண்ணில் படாமல் ஒதுங்கி உட்கார விரும்பியவர்களுக்கு ஸ்னக் என்ற சிற்றறை இருந்தது. ஜாடியைக் கொண்டுவந்து வீட்டுக்கு பீர் வாங்கிச் செல்பவர்களுக்குத் தெருவிலிருந்தே தனி வாசல் இருந்தது. அதனால்தான் மூடப்பட்டுக் குடியிருப்பாக மாறிவிட்ட பப் கட்டடங்களில்கூட, ஒரே முகப்பில் அடுத்தடுத்து மூன்று நான்கு கதவுகளும், முதல் மாடிச் சுவரில் பெயர்ப்பலகை தொங்கிய இரும்புத் தண்டும் இன்றும் காணப்படுகின்றன. இந்த அடையாளங்களைத் தெரிந்துகொண்டு ஒரு நாள் கிழக்கு லண்டன் தெருக்களில் நடந்து பாருங்கள்; மறைந்த பப்கள் தாமாகவே கண்ணில் படத் தொடங்கும்.

இந்தத் தடுப்புகளின் உச்சம், கவுண்டரின் மேல் கண்மட்டத்தில் பொருத்திய சுழல் கண்ணாடிச் சட்டங்கள். பூவேலை செதுக்கிய மங்கலான கண்ணாடி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு புத்தகத்தின் அளவு. சலூன் பக்கத்து கனவான் அதைச் சிறிதே திருப்பித் தனக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டு மீண்டும் மூடிக்கொள்ளலாம். கோப்பையை நீட்டும் பணியாளின் கை மட்டும் தெரியும், எதிர்ப்பக்கத்தில் நிற்கும் தன் ஆலைத் தொழிலாளியின் முகம் தெரியாது. வர்க்க வேற்றுமையை இவ்வளவு அழகாகத் தச்சு வேலையில் செய்து காட்டிய நாடு வேறு இருக்குமா என்று தெரியவில்லை. புளூம்ஸ்பரியில் லேம்ப்ஸ் காண்டுயிட் தெருவில் உள்ள தி லேம்ப் என்ற பப்பில் இந்தச் சட்டங்கள் இன்றும் இருக்கின்றன, இன்றும் திரும்புகின்றன. மேய்டா வேல் பகுதியின் பிரின்ஸ் ஆல்ஃபிரட் பப்பில் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக, தடுப்பின் அடியில் இடுப்புயரக் கதவுகள் உண்டு. வயதுவந்தவர் யாராயினும் குனிந்துதான் நுழைய வேண்டும். இவை அரிய எச்சங்கள். பெரும்பாலான பப்களில் 1960களிலும் 1970களிலும் பீர் ஆலைகளே தடுப்புகளைப் பெயர்த்தெறிந்து ஒரே கூடமாக்கிவிட்டன. அந்த வகையில், கட்டடம் நிற்கும்போதே உள்ளே இருந்த பப் காணாமல் போன நிகழ்ச்சி நாம் இன்று பேசும் மூடுவிழாக்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

நிலத்தின் பசிக்கு பப்கள் இரையாவது அதைவிடவும் பழைய கதை. தேம்ஸின் தென்கரையில் சதர்க்கில் இருந்த டாபர்ட் விடுதி, காண்டர்பரிக்குப் புறப்பட்ட யாத்திரிகர்கள் கூடிய இடமாக ஆங்கிலக் கவிஞர் சாசர் தன் காவியத்தில் பாடிய புகழுடையது. 1676ஆம் ஆண்டுத் தீக்குப் பின் புதிதாகக் கட்டப்பட்ட அதன் கட்டடம் 1873இல் இடிக்கப்பட்டது. அதற்குப் பக்கத்திலேயே, அதே தீயில் எரிந்து மறு ஆண்டு எழுப்பப்பட்ட ஜார்ஜ் விடுதி இன்றும் இருக்கிறது. ஆனால் அதிலும் எஞ்சியிருப்பது ஒரு பக்கம் மட்டுமே. குதிரை வண்டிகள் வந்து நின்ற முற்றத்தைச் சுற்றி மர நடைமாடங்களோடு இருந்த மற்றப் பக்கங்களை, ரயில் நிறுவனம் தன் சரக்குக் கிடங்குக்காக இடித்துவிட்டது. எஞ்சியதை, பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு 1937 முதல் பாதுகாத்து வருகிறது. லண்டனில் மர நடைமாடத்தோடு தப்பிய விடுதி அது ஒன்றே.

இருபதாம் நூற்றாண்டில் மறைந்தவற்றுள் ஒரு பெரும் பகுதி, தொழில் ஒன்று இடம்பெயர்ந்தபோது அதனோடு சேர்ந்து போனவை. துறைமுகத் தொழிலாளர்களுக்காகவே வாப்பிங்கிலும் ஐல் ஆஃப் டாக்ஸிலும் எண்ணற்ற பப்கள் இருந்தன. சரக்குப் பெட்டகக் கப்பல்கள் வந்து, வேலை ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள டில்பரிக்கு நகர்ந்து, 1981க்குள் லண்டன் நகருக்குள் இருந்த துறைகள் எல்லாம் மூடப்பட்டபின், அந்த பப்களுக்கு ஆளும் இல்லை, அரணும் இல்லை. பிராஸ்பெக்ட் ஆஃப் விட்பி, டவுன் ஆஃப் ராம்ஸ்கேட் போன்ற சில, சுற்றுலாப் பயணிகளின் தயவில் ஆற்றங்கரையில் நிலைத்தன. சந்தைகளிலும் இதே நிலைதான். இரவு முழுதும் மூட்டை தூக்கியவர்களுக்காக விடியற்காலையிலேயே திறக்கத் தனி உரிமம் பெற்ற பப்கள் கோவன்ட் கார்டனில் இருந்தன. காய்கறி, பழச் சந்தை 1974இல் நைன் எல்ம்ஸுக்குப் போனதும் அந்த விடியற்காலைப் பழக்கமும் அங்கே முடிந்தது.

இத்தகையவற்றில் எனக்கு மிகவும் சுவையாகப் படுவது ஃபிளீட் தெரு. நாட்டின் பெரிய நாளிதழ்கள் எல்லாம் ஒரே தெருவிலும் அதன் சந்துகளிலும் இருந்த காலத்தில், ஒவ்வொரு நாளிதழுக்கும் தனக்கென்று ஒரு பப் இருந்தது. டெய்லி டெலிகிராஃப் ஆட்களுக்கு கிங் அண்ட் கீஸ். டெய்லி எக்ஸ்பிரஸ் ஆட்களுக்கு பாப்பின்ஸ் என்று அவர்கள் செல்லமாக அழைத்த பாப்பின்ஜே. டெய்லி மிரர் ஆட்கள் போனது ஒயிட் ஹார்ட். ஆனால் அவர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் ‘முதுகில் குத்து’. யார் வேலை போகப்போகிறது, யார் யாரைப் போட்டுக்கொடுத்தார் என்ற செய்திகள் அலுவலகத்துக்கு முன்பே அங்கே தெரிந்துவிடும் என்பதால் வந்த பெயர் என்பார்கள். 1986 ஜனவரியில் ரூபர்ட் மர்டாக் தன் நாளிதழ்களை ஒரே வீச்சில் வாப்பிங்குக்கு மாற்றினார். அடுத்த சில ஆண்டுகளில் மற்றவையும் ஒவ்வொன்றாகக் கிளம்பின. அச்சு இயந்திரங்கள் போனபின் இந்த மூன்று பப்களும் நிலைக்கவில்லை. பழம்பெருமை பேசும்போது மறைக்கக் கூடாத ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதே தெருவில் பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் கூடிய எல் வினோ என்ற மதுக்கூடத்தில் பெண்கள் கவுண்டரில் நின்று குடிக்க அனுமதி இல்லை. பின்னறையில் உட்கார்ந்தால்தான் மது கிடைக்கும். பெண்கள் வழக்குத் தொடுத்து, 1982இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே அது மாறியது.

இனி உடைமை மாறிய கதைக்கு வருகிறேன். என் விடையின் நடுநாடி இதுதான். லண்டன் பப்களில் பெரும்பாலானவை நூறாண்டுக்கு மேலாகப் பீர் ஆலைகளுக்குச் சொந்தமாக இருந்தன. பிரிக் லேனில் ட்ரூமன், மைல் எண்டில் சாரிங்டன், சிஸ்வெல் தெருவில் விட்பிரெட், வாண்ட்ஸ்வர்த்தில் யங்ஸ், சிஸ்விக்கில் ஃபுல்லர்ஸ் என்று ஒவ்வோர் ஆலைக்கும் தன் வட்டாரத்தில் பப்கள் உண்டு. கிழக்கு லண்டனில் இன்றும் மூடிக்கிடக்கும் சில முகப்புகளில் பச்சைப் பளிங்கு ஓடுகளும், அவற்றின்மேல் பொன்னிற எழுத்தில் ட்ரூமன் என்ற பெயரும், சிறகு விரித்த கழுகும் காணப்படும். ஆலை 1989 வாக்கில் மூடப்பட்டும் ஓடுகள் நிறம் மங்கவில்லை. பீர் ஆலையின் பார்வையில் பப் என்பது தன் சரக்கு விற்கும் வாய். ஒரு பப்பில் லாபம் குறைந்தாலும் பீப்பாய் போய்க்கொண்டிருக்கும்வரை அதை மூட ஆலைக்கு மனம் வராது. இந்த ஏற்பாட்டில் குறைகள் ஏராளம். ஆலை தரும் பீரைத்தான் விற்க வேண்டும், 1960களில் ஆலைகள் திணித்த, வடிகட்டிப் பதப்படுத்தி வாயு ஏற்றிய, கெக் (keg) எனப்படும் உயிரற்ற பீரைச் சகிக்க வேண்டும். அதை எதிர்த்துத்தான் 1971இல் காம்ரா என்ற நுகர்வோர் இயக்கமே பிறந்தது. ஆனாலும் பப் பப்பாகவே இருப்பதில் ஆலைக்கு ஓர் அக்கறை இருந்தது.

ஆறு பெரிய ஆலைகள் சந்தையைக் கைக்குள் வைத்திருப்பது போட்டிக்கு எதிரானது என்று ஏகபோக ஆணையம் 1989இல் அறிக்கை அளித்தது. இரண்டாயிரத்துக்கு மேல் பப் வைத்திருக்கும் ஆலை, அந்த அளவுக்கு மேற்பட்டவற்றில் பாதியைத் தன் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று அரசு ஆணை பிறப்பித்தது. 1992 நவம்பர் வரை கெடு. நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்த பப்களைச் சிறு முதலாளிகளோ அவற்றை நடத்தி வந்தவர்களோ பெரும்பாலும் வாங்கவில்லை. பீர் காய்ச்சுவதே தெரியாத நிறுவனங்கள் மொத்தமாக வாங்கின. பஞ்ச் டேவர்ன்ஸ், என்டர்பிரைஸ் இன்ஸ் ஆகியவை அவற்றுள் பெரியவை. 1990களின் இறுதியில் ஜப்பானிய நிதி நிறுவனமான நொமுரா பிரிட்டனின் மிகப் பெரிய பப் உரிமையாளராக இருந்தது என்பதை இன்று சொன்னால் நம்புவது கடினம். ஆலைகளை ஒடுக்க வந்த சட்டம், பப்களை வட்டிக் கணக்கில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இந்நிறுவனங்களின் வழிமுறை எளியது. பப் நடத்துபவர் வாடகையும் கொடுக்க வேண்டும், பீரையும் உரிமையாளர் நிறுவனத்திடமே, வெளிச்சந்தை விலையைவிடக் கூடுதல் விலையில் வாங்க வேண்டும். நிறுவனமோ எதிர்கால வாடகையைப் பிணையாக வைத்துப் பெருங்கடன் வாங்கியிருக்கும். 2008இல் நிதி நெருக்கடி வந்து கடன் கழுத்தை நெரித்தபோது, கையில் இருந்தவற்றில் எது விலைபோகும் என்று பார்த்தார்கள். லண்டனில் விடை தெளிவாக இருந்தது. மேலே இரண்டு மாடி, பின்னால் ஒரு தோட்டம், மூலை மனை, நடந்துபோகும் தூரத்தில் ரயில் நிலையம் என்று அமைந்த கட்டடத்தில் எட்டுப் பத்து அடுக்கக வீடுகள் கட்டலாம். நடத்துபவர் நொடித்துப்போவார், அடுத்தவர் வருவார், அவரும் போவார், பிறகு ‘இந்த பப் இனி கட்டுப்படியாகாது’ என்ற முத்திரை குத்தப்பட்டு மனை விற்கப்படும். ஐந்நூறுக்கும் மேற்பட்ட பப்களை இப்படிக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் நிறுவனங்களை முறைப்படுத்த 2016இல் ஒரு விதித்தொகுப்பு வந்தது. லண்டனைப் பொறுத்தவரை அது மிகவும் தாமதம்.

இதற்குச் சட்டமும் கதவைத் திறந்து வைத்திருந்தது. பப்பைக் கடையாகவோ உணவகமாகவோ அலுவலகமாகவோ மாற்ற அண்மைக்காலம் வரை திட்ட அனுமதியே வேண்டியதில்லை. அதனால் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் தம் சிறு கிளைகளுக்கு பப் கட்டடங்களைத் தேடித்தேடி எடுத்தன. அக்கம்பக்கத்தாருக்கு, ஒரு நாள் காலை பலகை மாறியிருப்பதைப் பார்த்த பிறகுதான் விஷயமே தெரியும். இந்த ஓட்டை 2017 மே மாதத்தில்தான் முழுமையாக அடைக்கப்பட்டது. லேட்டன் பகுதியில் பேக்கர்ஸ் ஆர்ம்ஸ் என்று ஒரு நாற்சந்தி இருக்கிறது. பேருந்து அறிவிப்பில் இன்றும் அந்தப் பெயர்தான் ஒலிக்கிறது. பெயர் தந்த பப் 2010இல் மூடப்பட்டுப் பந்தயம் கட்டும் கடையாகிவிட்டது. ஏஞ்சல், எலிஃபண்ட் அண்ட் காசில், மேனர் ஹவுஸ், ராயல் ஓக், சுவிஸ் காட்டேஜ் முதலிய ரயில் நிலையப் பெயர்களும் மதுவிடுதிகள் வழியாக வந்தவையே.

மற்றக் காரணங்களை நான் மறுக்கவில்லை. 2007 ஜூலை 1 முதல் இங்கிலாந்தில் மூடிய பொதுவிடங்களில் புகைபிடிக்கத் தடை வந்தபோது, தோட்டமோ முற்றமோ இல்லாத, உணவு சமைக்காமல் பீரை மட்டுமே நம்பிய சிறு பப்கள் அடிவாங்கின. பீர் வரி பல ஆண்டுகள் விலைவாசியைவிட வேகமாக ஏறியது. கடையில் வாங்கி வீட்டில் குடிப்பது பப்பில் குடிப்பதைவிட மிக மலிவாகியது. அந்தக் கடைகளில், அதாவது ஆஃப்-லைசென்ஸ் எனப்படும் மூலைக்கடைகளில், லண்டனில் கணிசமானவற்றை நடத்துபவர்கள் ஈழத்திலிருந்து வந்த நம் தமிழர்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. நள்ளிரவுவரை கல்லாவில் நின்று பிள்ளைகளைப் படிக்கவைத்த அவர்களைக் குறைசொல்ல எனக்கு நா எழவில்லை. சூப்பர் மார்க்கெட் விலைக்கு முன்னால் அவர்களே இன்று தடுமாறுகிறார்கள்.

‘குடிக்காத குடியேறிகள் வந்துவிட்டார்கள், பப் போய்விட்டது’ என்று சொல்லும் பேச்சும் உண்டு. சில தெருக்களில் அதில் உண்மை இருக்கலாம். நகர் முழுவதற்கும் அது பொருந்தாது. சவுத்ஹாலை எடுத்துக்கொள்ளுங்கள். 1981 ஜூலை 3ஆம் நாள், பஞ்சாபிகள் நிறைந்த அந்தப் பகுதியின் ஹாம்ப்ரோ டேவர்ன் என்ற பப்பில் மொட்டைத்தலை இனவெறிக் கும்பல்கள் திரண்டுவந்த இசை நிகழ்ச்சி நடந்தபோது கலவரம் மூண்டு, அந்த பப் தீக்கிரையானது. வெள்ளையர் அல்லாதவர்களுக்குப் பரிமாற மறுத்த பப்கள் லண்டனில் அதற்கு முன்பும் இருந்தன. 1965இல் இனவேற்றுமைத் தடைச் சட்டம் வந்த பிறகே அது சட்டத்துக்குப் புறம்பானதாயிற்று. ஆனால் அதே சவுத்ஹாலில் பின்னர் பஞ்சாபிகளே நடத்திய கிளாஸி ஜங்ஷன் என்ற பப் லண்டன் முழுதும் பேர்பெற்றது. இந்திய ரூபாயைக் கொடுத்து ஒரு பைன்ட் பீர் வாங்க முடிந்த பப் அது. குடியேறிகள் பப்பைக் கொன்றார்கள் என்பதற்கு நேர்மாறான சான்றாக நின்ற அதுவும் 2012இல் மூடப்பட்டது. அங்கே வந்தது ஒரு தென்னிந்திய சைவ உணவகம். ரூபாயில் பீர் விற்ற கவுண்டர் இருந்த கட்டடத்தில் நெய்ரோஸ்ட் வந்திருக்கிறது என்றால் நமக்குச் சிரிப்பு வரும். அங்கே மாலைகளைக் கழித்த பழைய ஆட்களுக்கு வராது.

இசைக்குப் பேர்போன பப்களின் இழப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். இன்று நம்மவர்கள் பெருமளவில் வசிக்கும் ஹாரோ வட்டாரத்தில், ஹாரோ அண்ட் வீல்ட்ஸ்டோன் நிலையத்தை ஒட்டி ரயில்வே ஹோட்டல் என்ற பப் இருந்தது. 1964 செப்டம்பரில் தி ஹூ இசைக்குழுவின் பீட் டவுன்சென்ட் அங்கே வாசிக்கும்போது, தாழ்வான கூரையில் கிட்டாரின் கழுத்து இடித்து முறிந்தது. கூட்டத்தில் சிலர் சிரிக்கவே, மிச்சத்தையும் அடித்து நொறுக்கிவிட்டு வேறு கிட்டாரை எடுத்து வாசித்தார். மேடையில் கிட்டாரை உடைக்கும் வழக்கத்துக்குத் தொடக்கமாக இந்த விபத்தைத்தான் சொல்கிறார்கள். கட்டடம் 2000இல் தீப்பிடித்து, பின் இடிக்கப்பட்டு, அடுக்ககங்களாகிவிட்டது.

ஓரினச் சேர்க்கையாளர்களுக்கு பப் என்பது பொழுதுபோக்கிடமாக மட்டும் இருக்கவில்லை; வேறெங்கும் கிடைக்காத பாதுகாப்பாகவும் இருந்தது. அவர்களுக்கான லண்டன் கூடங்கள் 2006இல் 125 இருந்து 2017இல் 53ஆகக் குறைந்ததாக லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வு காட்டியது. ஹாக்னி சாலையின் ஜாய்னர்ஸ் ஆர்ம்ஸும் கேம்டனின் பிளாக் கேப்பும் 2015இல் சில மாத இடைவெளியில் போயின. அதே ஆண்டு ராயல் வாக்ஸால் டேவர்ன், இந்த வரலாற்றுக்காகவே பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது.

மக்கள் போராடி மீட்டவையும் உண்டு. நன்ஹெட் பகுதியின் ஐவி ஹவுஸ், சமுதாயச் சொத்து என்ற புதிய சட்டப் பிரிவின் கீழ் நாட்டிலேயே முதலாவதாகப் பதிவான பப். 2013இல் அக்கம்பக்கத்தார் பங்குகள் போட்டு, கூட்டுறவாக வாங்கித் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். இருந்தாலும், மனைக்கும் பப்புக்குமான போரில் நாடே பேசிய வழக்கு கில்பர்னின் கார்ல்டன் டேவர்ன்தான். 1918இல் குண்டுவீச்சில் அழிந்த பழைய பப்பின் இடத்தில் சாரிங்டன் ஆலைக்காக 1920களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட, செங்கல்லும் வண்ண ஓடுகளும் கலந்த கட்டடம் அது. இரண்டாம் உலகப்போரில் சுற்றிலும் இருந்தவை தரைமட்டமானபோதும் தப்பி நின்றது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று வாங்கி, இடித்துவிட்டு அடுக்ககம் கட்ட அனுமதி கேட்டது, மறுக்கப்பட்டது. ஏதோ நடக்கப்போகிறது என்று சந்தேகித்த அப்பகுதி மக்கள் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கும்படி விண்ணப்பிக்க, தொல்கட்டடத் துறையினர் வந்து ஒவ்வொன்றையும் படமெடுத்து, ஓடுகளுக்கு அச்சும் எடுத்து வைத்திருந்தார்கள். பட்டியலில் சேரும் தறுவாயில், 2015 ஏப்ரலில், சரக்குக் கணக்கெடுப்பு என்று சொல்லி நடத்துபவரைக் கடையை மூடவைத்துவிட்டு, புல்டோசரைக் கொண்டுவந்து இடித்துத் தள்ளினார்கள். இப்படிச் செய்தால் அபராதத்தோடு போய்விடும் என்பதே அக்காலத்துக் கட்டட முதலாளிகளின் அனுபவம். அப்பகுதியின் உள்ளாட்சியான வெஸ்ட்மின்ஸ்டர் நகர மன்றம் அபராதத்தோடு விடவில்லை. இருந்தது இருந்தபடி திரும்பக் கட்டு என்று ஆணையிட்டது. மேல்முறையீடு 2016இல் தள்ளுபடியானது. முன்னரே எடுத்து வைத்த படங்களும் அச்சுகளும், இடிபாடுகளில் கிடைத்த பழைய ஓடுகளும் செங்கற்களும் அப்போது கைகொடுத்தன. 2021 ஏப்ரலில் பப் மீண்டும் திறக்கப்பட்டது. இடித்தவனே கட்டித்தர வேண்டும் என்பது நடைமுறையில் சாத்தியம் என்று இந்த வழக்கு காட்டியபின், இடிக்கும் துணிச்சல் குறைந்திருக்கிறது என்றே நான் மதிப்பிடுகிறேன்.

எஞ்சியவற்றில் எவற்றைப் பார்க்கலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். நேரம் குறைவாக இருந்தால் தி லேம்ப், பிரின்ஸ் ஆல்ஃபிரட், சதர்க்கின் ஜார்ஜ் ஆகிய மூன்றும் போதும். ஹை ஹோபோர்னில் உள்ள பிரின்சஸ் லூயிஸில், பெயர்த்தெடுத்த தடுப்புகளைத் திரும்பவும் பொருத்தி, விக்டோரியா காலத்து அமைப்பை மீட்டிருக்கிறார்கள். ஃபிளீட் தெருவின் ஓல்ட் செஷர் சீஸ், 1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்கு மறு ஆண்டு கட்டப்பட்டது. அங்கே வளர்ந்த பாலி என்ற கிளி 1926இல் இறந்தபோது பல நாட்டு நாளிதழ்கள் இரங்கல் குறிப்பு வெளியிட்டன என்பதால், நாளிதழ் பப்களில் தப்பிய ஒன்று அதுவாக இருப்பது பொருத்தம்தான்.

ஆனால் ஈஸ்ட் ஹாம் பக்கம் உறவினர் வீட்டுக்கு வரும் தமிழர்களுக்கு நான் பரிந்துரைப்பது, கிரீன் தெருவும் பார்க்கிங் (Barking) சாலையும் சந்திக்கும் முனையில் உள்ள பொலின் டேவர்ன். 1900 வாக்கில் கட்டப்பட்ட அது, பக்கத்திலேயே மைதானம் வைத்திருந்த வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியின் ரசிகர்களால் நூறாண்டுக்கு மேல் வாழ்ந்தது. அணி 2016இல் ஒலிம்பிக் மைதானத்துக்குப் போய்விட்டது. பழைய மைதானம் இடிக்கப்பட்டு அடுக்ககங்கள் எழுந்தன. நான் மேலே சொன்ன கணக்கின்படி பப்பும் போயிருக்க வேண்டும். மாறாக, புதிதாக எடுத்தவர்கள் பூவேலைக் கண்ணாடிகளையும் மரத்தடுப்புகளையும் பின்கூடத்தின் வண்ணக் கண்ணாடிக் கூரையையும் செப்பனிட்டு, 2021இல் திறந்தார்கள். மேசைக்கு யாரும் வந்து கேட்க மாட்டார்கள். கவுண்டரில் நின்று வாங்கிக்கொண்டு, அங்கேயே பணம் கொடுத்துவிட வேண்டும். மது அருந்தாதவர்கள் எலுமிச்சைச் சாறு கலந்த சோடா கேட்கலாம், யாரும் ஒருமாதிரியாகப் பார்க்க மாட்டார்கள். கூரைக் கண்ணாடியைப் பார்ப்பதற்கென்றே போவதானால் வெளிச்சம் உள்ள பகற்பொழுதில், கூட்டம் இல்லாத வாரநாளில் போங்கள்.